வீடில்லாத போர்ச்சுகள்

போன வாரம், புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் என் மேசைக்கு வந்து கேட்டீர்கள்: "அக்கா, புலாவ் செபாங் மேப் ஷீட்டுல ரயில் பாதை ஓரமா வரிசையா கார் போர்ச் நிக்குது. பின்னால வீடு ஒண்ணுகூட இல்ல. எர்ரர்தானே? கிளீன் அடிச்சிடவா?"

நான் "கையை எடு" என்றேன். சொன்ன தொனியில் அறையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளை அப்புறம் என்னோடு பேசவே இல்லை. இந்த மாதக் கடைசியில் நான் போய்விடுவேன். கோபத்தை மட்டும் விட்டுவிட்டுக் காரணத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது முறையில்லை என்பதால் எழுதுகிறேன். வழக்கமாக இப்படி எழுதுகிறவர்கள் தலை நரைத்தவர்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் மெஷினுக்கு ஆகிற வேகத்தில்தான் ஆளுக்கும் வயதாகிறது. நான் கற்றுக்கொண்ட மெஷின் இப்போது சாமான் அறையில் துணி போர்த்திக் கிடக்கிறது. நானும் கிளம்புகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் கேட்டதில் தப்பில்லை. வீடில்லாமல் போர்ச் நிற்காது. எர்ரர்தான். அது எர்ரராக இருக்க வேண்டும் என்று வேலை மெனக்கெட்டுச் செய்த எர்ரர்.

நான் இங்கே சேர்ந்தபோது நாடு முழுக்க எல்லாருக்கும் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்திருந்தது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது. செலண்டார் பக்கம் தோட்டத்துப் பள்ளியில் படித்தவள், மலாக்காவில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, விமானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் கையளவுக் கருவியை நகர்த்தி, கூரை கூரையாக ஊரை வரைகிறேன் என்றால் சும்மாவா. ஒரு கூரை, ஒரு கோடு, கோடு மூடினால் ஒரு வீடு. நான் வரையும் படத்தை வைத்துத்தான் தண்ணீர்க் குழாய் வரும், ரோடு வரும் என்று சொன்னார்கள். நான் நம்பினேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "இனிமே யாரும் ஆபீசு ஆபீசா அலைய வேணாம், எல்லாம் படத்துல இருக்கும்" என்று சொன்னேன். இப்போது நினைத்தால் வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

கிளீன் பொத்தான் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். வரையும்போது கை நடுங்கி விழுந்த துண்டுக் கோடுகளை, நம் பேச்சில் சில்லுகளை, எல்லாம் பக்கத்தில் இருப்பதோடு சேர்த்து விழுங்கிவிடும். எது சில்லு, எது வீடு என்று மெஷினுக்குத் தெரியாது. அதனால் ஓர் அளவு வைத்தார்கள். அந்த அளவுக்குக் குறைந்த கூரை எல்லாம் சில்லு. அந்த அளவை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்பு வீடுகளிலிருந்து. ஹால், மூன்று அறை, முன்னால் போர்ச். அதில் பாதிக்கும் கீழே எதையும் மனிதன் வீடு என்று சொல்லமாட்டான் என்று யாரோ ஒருவர் குளிர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை. முதல் ஷீட்டை வெளியிட்டபோது தாமான் வீடுகளின் போர்ச்சுகளும் சில்லென்று விழுங்கப்பட்டுவிட்டன. தாமான்காரர்கள் விடுவார்களா? வக்கீல் இருக்கிறார், எஞ்சினியர் இருக்கிறார். எங்கள் போர்ச் எங்கே என்று கேட்டார்கள். உடனே ஒரு கூட்டம். போர்ச்சுக்கென்று தனி எண் கொடுத்தார்கள். போர்ச்சுக்குக் குறைந்தபட்ச அளவு கிடையாது, எவ்வளவு சின்னதானாலும் படத்தில் நிற்கும் என்று விதியை மாற்றினார்கள். காடி, அதாவது கார், நிற்கிற இடத்துக்குக் கிடைத்த மரியாதை அது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

லெட்சுமி என் பள்ளித் தோழி. அவள் இருந்த தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றார்கள். ரப்பர் பால்மரம் போய், லயத்து வீடுகளும் போய், குடும்பங்கள் சிதறின. அவளும் புருஷன் முனியாண்டியும் இன்னும் பல குடும்பங்களும் புலாவ் செபாங்கில் ரயில் பாதை ஓரம் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு சந்து. சந்தின் முனையில் மாரியம்மன் கோயில். லோங்காங் சாக்கடைக்கு அந்தப் பக்கம் தாமான். இவள் மின்னியல் பொருள் செய்கிற பேக்டரியில் ஷிப்ட் வேலை, அவன் லோரி. ரயில் நிலத்தில் பாலம் வரப் போகிறது, எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு மலிவு வீடு தருவார்கள். ஆனால் போன தடவை வேறோர் இடத்தில் வீடே இல்லாதவர்கள் எல்லாம் வந்து வரிசையில் நின்றதால், இந்த முறை யார் வாய்ப்பேச்சும் செல்லாது, கம்ப்யூட்டர் படத்தில் இருக்கிற வீட்டுக்குத்தான் மாற்று வீடு.

எனக்கு அதைக் கேட்டு எவ்வளவு பெருமை. படத்தை யாரும் ஏமாற்ற முடியாதல்லவா.

ஒரு நாள் லெட்சுமி ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தாள்.

"என்னாடி, பெரிய ஆளாயிட்ட. குளுருதுல்ல இங்க. சரி, உன் பெட்டிக்குள்ள என் வீடு இருக்கானு பாரு."

"இல்லாம எங்கடி போவும்? உக்காரு."

ஷீட்டைத் திறந்தேன். தாமான் பளிச்சென்று வந்தது. ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு போர்ச்சும். லோங்காங்கைத் தாண்டினேன். பச்சை. 'செமாக்' என்று எழுதியிருந்தது. புதர். புதருக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நீளக் கூரை. அதன் மேல் 'குடாங்' என்று எழுதியிருந்தது. கிட்டங்கி.

லெட்சுமி திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தாள். "இது எந்த ஊருடி?"

"உங்க எடம்தான்."

"எங்க எடத்துல ஏதுடி குடாங்கு? எங்ககிட்ட என்னா சாமான் இருக்கு அடுக்கி வைக்க?"

மூலப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. விமானம் பறந்தது தீமிதி அன்று. கோயில் வாசலிலிருந்து சந்தின் முக்கால்வாசிக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். கான்வாஸை இரண்டு பக்கத்து வீட்டுக் கூரைகளின் மேலும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஒரே கூரை. பெரிய கூரை, வீட்டு மனை இல்லை, அப்படியானால் கிட்டங்கி. அது எங்கள் அறை விதி. பந்தலுக்கு வெளியே இருந்த வீடுகள் அளவுக்குக் குறைந்தவை. சில்லு. புதர் அவற்றை விழுங்கிவிட்டது. வருஷத்தில் ஒரு நாள் போடுகிற பந்தல் படத்தில் நிரந்தரமாக நின்றது. வருஷம் முழுக்க ஆள் குடியிருக்கிற வீடுகள் காணாமல் போயின.

"ஆத்தா எல்லாரையும் முந்தானையில மூடிட்டா போலருக்கு," என்றாள் லெட்சுமி. சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப எனக்கு வீடு கெடைக்காதாடி?"

கிடைக்காது என்பதுதான் பதில். நான் ஷீட்டை மூடினேன். அதற்குள் கோயில் கதவில் ஒரு நோட்டீஸ் வேறு ஒட்டியிருந்தார்கள், அனுமதி இல்லாமல் கிட்டங்கி நடத்துவதற்கு விளக்கம் கேட்டு. பூசாரி அதை என்னவென்று தெரியாமல் மஞ்சள் தடவி அம்மன் காலடியில் வைத்துவிட்டார் என்று லெட்சுமி சொன்னாள்.

அப்போது எங்கள் அறைக்கு ஒரு சீஃப் இருந்தார். பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா காலத்திலிருந்தே நில அளவை. சட்டைப் பையில் எப்போதும் கூர் சீவிய பென்சில். எங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளை அவர் தாழ்வாக நடத்தியதில்லை. ஆனால் எங்கள் அவசரம் அவருக்குப் பிடிக்காது. ஓடிப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அளவைக் குறைச்சிடலாம் சார். ஒரு எண்ணை மாத்தினா போதும்."

"மாத்திப் பாரும்," என்றார்.

மாற்றினேன். திரை முழுக்க அம்மை போட்டது. மாவட்டத்தில் இருக்கிற கோழிக் கூண்டு, கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி மூடி, லோரியின் கூரை எல்லாம் வீடாகிவிட்டது. கோலா சுங்கை பாரு கடற்கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகுகளுக்குக்கூட வீடு என்று பேர் வந்தது.

"இதைக் குடுத்தால் உம்முடைய சிநேகிதிக்கு வீடு குடுப்பினமோ? சிரிப்பினம். கோழிக்கூண்டையும் அவவின்ட வீட்டையும் ஒண்டாத்தான் அழிப்பினம்."

"அப்ப நேர்ல போய் அளந்து வரைஞ்சிடலாம்."

"வீடு எண்டு வரைஞ்சால் மனை எண் கேக்கும். அவைக்கு மனை இல்லை. மெஷின் துப்பிப் போடும். பொறும் பிள்ளை. கடைசிச் சரிபார்ப்புக்குத் திரும்பவும் விமானம் பறக்கும். அப்ப பந்தல் இராது. பாப்பம்."

பொறும், பார்ப்போம். அவர் சொல்வதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அதிகாரிகளைக் கும்பிட்டுக் கேட்கலாம் என்றால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: படத்தில் இல்லையே. படத்தில் இருப்பதை நாங்கள் போடுகிறோம், நாங்கள் போட்டதை அவர்கள் பார்க்கிறார்கள், இடையில் யாரும் புலாவ் செபாங்குக்கு பஸ் ஏறுவதில்லை.

நான் ஏறினேன். இரண்டாம் முறை விமானம் பறந்து இரண்டு நாள் கழித்து, லெட்சுமி வரச் சொன்னாள் என்று போனேன். சந்துக்குள் நுழைந்ததும் இருட்டு. அண்ணாந்து பார்த்தால் வானம் இல்லை. இந்த வீட்டுக் கூரையிலிருந்து எதிர் வீட்டுக் கூரை வரை புதுத் தகரம், கம்பி வைத்து இழுத்துக் கட்டி, மேலே கல் ஏற்றி. வரிசை முழுக்க.

"யாரு செஞ்ச வேலை இது?" என்றேன்.

எல்லாரும் தலைவரைக் காட்டினார்கள். அந்த இடத்துக்கு ஒரு தலைவர் உண்டு. நல்ல மனிதர். சாவு, கல்யாணம், போலீஸ் எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். அவர் ஆபீசில் யாரிடமோ விசாரித்திருக்கிறார். சின்னக் கூரை படத்தில் விழாது, பெரிய கூரைதான் விழும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் விமானம் வருவதற்குள் லோரியில் தகரம் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்.

"தங்கச்சி, இப்ப பாரு," என்றார் பெருமையாக. "பந்தல் ஒரு நாளு இருந்ததுக்கே படத்துல ஏறிருச்சு. இது தகரம். இனிமே எவனும் நம்மள சின்னக் கூரைனு சொல்ல முடியாது."

"அண்ணே, எல்லாக் கூரையும் ஒண்ணா சேந்தா எத்தன வீடுனு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் பெருசா இருக்கே."

"பெருசா இருக்கு, ஆனா ஒண்ணுதான் இருக்கு. ஒரு கூரைக்கு ஒரு வீடு. நீங்க எல்லாரும் சேந்து ஒரே வீட்டுல குடியிருக்கீங்கனு ஆயிருச்சு. அதுவும் வீடுகூட இல்ல, குடாங்கு. போன தடவ பந்தல் குடாங்கு, இந்தத் தடவ தகரக் குடாங்கு."

எல்லாரும் அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நான் அப்பவே சொன்னன்லா, வெயிலே வரலனு."

"நீ எங்க சொன்ன? மொத ஆளா கம்பி புடிச்சது நீதானே."

சின்னசாமி மாமா என்று ஒருவர், ஒதுங்கி நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், "படத்துல ஏறாம இருக்கறதே நல்லதுடா," என்றார். "பேரு ஏறுனா இடிக்க வருவான். ஏறலனா எவனுக்கும் நம்ம நெனப்பு இருக்காது."

"பாலம் வருது மாமா. நெனப்பு இருந்தாலும் இல்லாட்டியும் இடிப்பான். இருந்தா வீடு குடுத்துட்டு இடிப்பான்," என்றாள் லெட்சுமி.

தலைவர் என்னைப் பார்த்தார். "நீ படிச்ச புள்ள. மொதல்லயே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

இந்தத் தொழிலில் எனக்குக் கோபம் வந்த இடங்கள் நிறைய. ஆனால் அன்றைக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் நின்றேன். விதியை எழுதினவனுக்கு இந்தச் சந்து தெரியாது. சந்தில் இருக்கிறவர்களுக்கு விதி தெரியாது. பாதி விதி காதில் விழுந்தால் இப்படித்தான் நடக்கும். முழு விதியையும் தெரிந்துகொள்ள அவர்களுக்கு எந்த வக்கீல், எந்தக் கூட்டம்?

திரும்பும்போது பஸ் நிற்கிற இடம் தாமான் பக்கம். லோங்காங்கைத் தாண்டி நடந்தேன். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் போர்ச். ஒன்றில் காடிகூட இல்லை, துணி காயப் போட்டிருந்தார்கள். அதுவும் படத்தில் இருந்தது, எனக்குத் தெரியும். அப்போதுதான் சந்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெரிய தகரக் கூரைக்கு வெளியே, வெளிப்பாதையைப் பார்த்த பக்கம், ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கம்பு நட்டு ஒரு சின்னச் சாய்ப்பு இறக்கியிருந்தது. மோட்டார் சைக்கிள் நனையாமல் நிறுத்த. வாசலுக்கு ஒன்று. தனித்தனியாக.

மறுநாள் காலையில் சீஃப் உட்காருவதற்கு முன்பே அவர் மேசை முன் நின்றேன்.

"சார், போர்ச்சுனா என்ன?"

"என்ன கேள்வி இது காலங்காத்தால?"

"நம்ம விதியில எப்படி எழுதியிருக்கு?"

அவருக்கு அதெல்லாம் மனப்பாடம். "தூண்களில நிக்கிற கூரை. ஒரு பக்கமாவது திறந்திருக்க வேணும். குடியிருப்பின்ட வாசலோட ஒட்டியிருக்க வேணும்."

"காடி நிக்கணும்னு இருக்கா?"

"இல்லை."

"அளவு?"

"இல்லை. அதுதான் அவையள் சண்டை பிடிச்சு எடுத்திட்டினமே." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். "மனை எண்ணும் கேக்காது. போர்ச்சின்ட மனை எண் வீட்டோட வரும் எண்டு விட்டிட்டினம்."

"அதான் சார்."

"வீடில்லாமல் போர்ச் நிண்டால் பிழை அறிக்கையில விழும்."

"விழட்டுமே. விழுந்தா என்ன ஆகும்?"

அவர் பென்சிலைத் திரும்ப எடுத்து விரல்களில் உருட்டினார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டே இருந்தது. பிறகு சொன்னார்: "பிழையை ஆபீசில இருந்து மூட ஏலாது. அதிகாரி ஒராள் நேரில போய்ப் பாத்து, என்ன இருக்கெண்டு எழுதிக் கையெழுத்து வைக்க வேணும். ஒவ்வொரு பிழைக்கும்."

பாருங்கள். ஒழுங்காக இருந்தால் ஆள் வரமாட்டான். பிழையாக இருந்தால்தான் வருவான். இதைச் சொல்லிக் கொடுக்க எந்தக் கோர்ஸும் கிடையாது.

ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். "பொய் எழுத மாட்டன். நீர் அளக்கப் போற அண்டைக்கு என்ன நிக்குதோ அதை மட்டும் வரையும். நிக்காததை ஒண்டும் நிக்குது எண்டு போடக்கூடாது. அதிகாரி வந்து பாக்கேக்க ஒரு போர்ச் இல்லாமல் போச்செண்டால், மிச்ச எல்லாத்தையும் நம்ப மாட்டான். விளங்குதோ?"

விளங்கியது. எனக்குக் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்ற எண்ணம் இருந்ததை அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்டது நான் செய்த நல்ல காரியம்.

நாடா எடுத்துக்கொண்டு போனேன். லெட்சுமி ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனை. வாசல் வாசலாக அளந்தோம். ஜனங்களுக்கு ஒரே வேடிக்கை.

"என்னாக்கா, வீட்ட விட்டுட்டு மோட்டாரு நிக்கிற எடத்த அளக்குற?"

"வீடு படத்துக்குள்ள போவாதாம். மோட்டாருதான் போவுமாம்," என்றாள் லெட்சுமி. "நாம மோட்டாருக்குத் துணையா போறோம்."

கடைசியில் அவள் வீட்டுக்கு வந்தோம். வரிசையின் ஓரத்து வீடு. வாசல் மொட்டையாக இருந்தது. சாய்ப்பு இல்லை. முனியாண்டி கம்பெனி லோரியில் போகிறவன், இவளுக்குப் பேக்டரி பஸ். மோட்டாரே இல்லாத வீட்டுக்குச் சாய்ப்பு எதற்கு?

நாடா என் கையில் சுருண்டது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"வரைஞ்சிடுடி. யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"முடியாதுடி."

"ஊருக்கெல்லாம் போட்ட. எனக்கு முடியாதா?"

"ஊருக்கெல்லாம் நிக்குது. உனக்கு நிக்கல. நிக்காதத போட்டா எல்லாருக்கும் போயிரும்."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சீஃபை மனதுக்குள் திட்டினேன். விதியைத் திட்டினேன். மோட்டார் வாங்காத முனியாண்டியையும் சேர்த்துத் திட்டினேன். அப்போது தலைவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். மேலே பார்த்தார். சந்துக்கு மேல் அவர் பெருமையாகக் கட்டிய தகரம்.

"இன்னிக்கு நின்னா போதுமா தங்கச்சி?"

"நான் அளக்கும்போது நிக்கணும். அதிகாரி வரும்போதும் நிக்கணும்."

அவ்வளவுதான். ஏணி வந்தது. கல்லை இறக்கி, கம்பியை அறுத்து, தகரத்தைக் கழற்றினார்கள். சந்துக்குள் வெயில் வந்தது. கண் கூசியது. லெட்சுமி வாசலில் குழி வெட்டி இரண்டு கம்பு நட்டார்கள். சின்னசாமி மாமாகூட வந்து ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டார். நான் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். தகரம் ஏறி, ஆணி அடித்து, மாமா கம்பை ஆட்டிப் பார்த்து "நிக்கும்" என்று சொன்ன பிறகுதான் நாடாவை விரித்தேன்.

லெட்சுமி அதன் கீழே வந்து நின்றாள். "மோட்டாரும் இல்ல, காடியும் இல்ல. போர்ச் மட்டும் இருக்கு. தாமான்காரி மாதிரி இருக்கனாடி?"

சீஃபிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி ஒன்று அன்றைக்குத்தான் கட்டியது என்பதையும் சொன்னேன். "அளக்கேக்க நிண்டதோ?" என்று கேட்டார். "நின்னுச்சு" என்றேன். "அப்ப நிக்குது" என்றார். கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை போனது. சில வாரம் கழித்து ஓர் அதிகாரி, மலாய்க்காரர், போனில் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சலிப்பு. "போர்ச் ஆடா. ரூமா மானா?" போர்ச் இருக்கிறதே, வீடு எங்கே என்கிறார். நான் எத்தனை மாதமாக யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்த கேள்வி. போய்ப் பாருங்கள் என்றேன். வேறு வழியில்லாமல் போனார். போர்ச்சுக்குப் பின்னால் கதவு, கதவுக்குப் பின்னால் ஆள், அடுப்பு, பள்ளிக்கூடப் பை. நல்ல மனிதர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். கோயில் பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக ஒவ்வொரு பிழையாக மூடிக்கொண்டு வந்தார். மூடியவர்களுக்கெல்லாம் மலிவு வீட்டில் இடம் உறுதியானது.

பாதியில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

புதியவர் இன்னும் போகவில்லை. கேட்டால் போகிறேன் என்கிறார். சீஃபும் ஓய்வு பெற்று ஈப்போவுக்கு மகளிடம் போய்விட்டார். மிச்சம் இருக்கிற பிழைகள் மாதா மாதம் அறிக்கையில் வருகின்றன. அவைதான் நீங்கள் பார்த்த போர்ச்சுகள். கடைசி போர்ச் லெட்சுமியுடையது.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். மேலிடத்துக்குப் பிழையில்லாத ஷீட் வேண்டும். ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சுவரில் ஒரு பட்டியல் மாட்டுவார்கள், யார் ஷீட்டில் எத்தனை பிழை என்று. பிழை இல்லாதவருக்குப் பாராட்டு. புலாவ் செபாங் ஷீட் எப்போதும் கடைசியில் நிற்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு எரிச்சல் வரும். இப்போது புதிய மெஷினில் மூடாத பிழையையும் கிளீனால் விழுங்க முடியும். ஒரு பொத்தான். கண்ணுக்குக் குளிர்ச்சியாக, பச்சையாக, 'செமாக்' என்று வந்துவிடும். அதற்குப் பிறகு எந்த அதிகாரியும் எங்கும் போக வேண்டிய அவசியம் இல்லை.

பொத்தானை அழுத்த வேண்டாம் என்று எழுதி வைத்தால் போதுமா என்று நினைத்துப் பார்த்தேன். போதாது. உங்கள் மேல் ஒருவர் வந்து நிற்பார், இன்றைக்கு மாலைக்குள் வேண்டும் என்பார், நீங்கள் புதிது, வேலை போய்விடும் என்று பயமாக இருக்கும். அப்போது அவரிடம் விதியைக் காட்டுங்கள். நேரில் பார்க்காமல் மூடக் கூடாது என்று அச்சில் இருக்கிறது. உங்கள் சொந்தப் பேச்சைப் பேசாதீர்கள், விதியைப் பேசுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். போங்கள். கோயிலிலிருந்து வரிசையோடு போனால் கடைசி வாசல். கம்பு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, கவனம்.

நேற்று லெட்சுமியிடம் போனில் நான் வேலையை விடுவதைச் சொன்னேன். 

"உன் எடத்துக்குப் புதுசா வந்திருக்கற புள்ளைங்க எப்படிடி? கெட்டிக்காரங்களா?"

"ரொம்ப. நான் ஒரு வாரம் செய்யிற வேலைய ஒரு நாள்ல முடிச்சிடுறாங்க. ஒரு தப்பு இருக்காது."

"அப்படியா," என்றாள். "அதான்டி பயமா இருக்கு."